சம்பந்தி தள்ளிய வண்டி

கருங்குழி,
செவ்வாய்க்கிழமை காலை.

கர்த்தருக்குள் அன்பான மைத்துனர் பூபாலன் அவர்களுக்கு, தங்கள் அக்கா வீட்டுக்காரர் மோசஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே தேவ கிருபையால் நான் சுகம். தங்கள் அக்கா ரெபேக்காள் சுகம். என் காரும் சுகம். கோவளத்தில் தாங்களும் தங்கச்சியும் கல்யாணப் பெண் ஜெனிட்டாவும் அவ்வாறே இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நேற்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டதும் உங்கள் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் எடுக்க மாட்டேன். கல்யாண வேலைக்கு இன்று பஸ்ஸில் வரும் உங்கள் அக்காவிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

"மாமா, கோச்சிக்காத. வியாழக்கிழமை அந்த டப்பாவ இட்டுகினு வராத. மகாபலிபுரம் தாண்டி நின்னுச்சின்னா எம்பொண்ணு வெள்ளைப் பொடவையோட ரோட்ல நிக்கணும். நான் வேற வண்டி சொல்லிட்டேன்." இதுதானே நீங்கள் பேசியது? டப்பாவா? பதினாறு வருஷத்துக்கு முன்னால் அந்த வண்டியை எடுத்த அன்றைக்கே நேராக உங்கள் வீட்டுக்குத்தான் ஓட்டி வந்தேன். ஜெனிட்டாவுக்கு அப்போது எட்டு வயசு. முன் சீட்டில் ஏறியவள் இறங்கவே இல்லை. "மாமா, என் கல்யாணத்துக்கு இதுலதான் சர்ச்சுக்குப் போவேன்" என்றாள். சரி என்றேன். குழந்தைக்குக் கொடுத்த வாக்கு. அதை ஒரு வாய்ஸ் மெசேஜில் அழித்துவிட முடியுமா? இதுவரை 'நீங்கள்' போட்டது கடிதத்துக்குக் கொடுத்த மரியாதை. இதற்கு மேல் என்னால் முடியாது பூபாலா.

நீ என் வண்டியின் மேல் சொல்லும் குற்றமெல்லாம் எனக்கு அத்துப்படி, ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன் கேள், போன கிறிஸ்துமஸுக்குத் திருக்கழுக்குன்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது, ஒப்புக்கொள்கிறேன், ஃபேனுக்குப் போகும் ஃபியூஸ் போய்விட்டது, சின்னஞ்சிறு சமாச்சாரம், ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டிருந்தால் தீர்ந்திருக்கும், சூட்டோடு மூடியைத் திறக்காதே திறக்காதே என்று நான் கத்தக் கத்த "உனுக்கு இன்னா மாமா தெரியும்" என்று துண்டைப் போட்டுத் திருகினது யார், பாதி மீசை போனது வண்டியின் குற்றமா உன் குற்றமா? அப்புறம் மே மாச வெயிலில் ஹீட்டரைப் போட்டு ஓட்டினேன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாயாமே, இன்ஜின் சூட்டை இழுத்து வெளியே விட அதுதான் வழி, இன்ஜின் பிழைத்ததா இல்லையா, உள்ளே இருந்த நாலு பேர் வெந்தது வேறு விஷயம், உன் அக்கா அன்றைக்குப் போட்டிருந்த பவுடர் கழுத்துக்கு இறங்கியதை அவளே இன்னும் மன்னிக்கவில்லை, உனக்கென்ன வந்தது?

தரையில் ஓட்டை விழுந்து ஈசிஆர் ரோட்டில் உன் அக்கா செருப்பு ஒன்று நழுவிப் போனதே என்பாய். அந்த ஓட்டை யாரால் வந்தது? உன் ஊர் உப்புக்காத்தால் வந்தது. கருங்குழியில் நிற்கும்வரை துரு என்றால் என்ன என்றே தெரியாத வண்டி அது. உன் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் வந்து வந்து கடற்கரையில் நின்று கெட்டுப்போச்சு. நியாயமாகப் பார்த்தால் நீதான் என்கிட்ட மன்னிப்புக் கேட்கணும். இடது பக்கம் திருப்பினால் தானாக ஹாரன் அடிக்கிறது, அதுவும் உண்மைதான். போதகர் ஜெபிக்கும்போது சர்ச் வாசலில் திரும்பியது மட்டும் என் தப்பு.

அப்புறம் அந்த நிச்சயதார்த்தம். பேட்டரி வீக், அதனால் சரிவான இடமாப் பார்த்து நிறுத்துவேன், உருட்டிவிட்டு கியரைப் போட்டா கிளம்பிடும். உன் தெருவில சரிவு எங்க இருக்கு, எல்லாம் மணல். மாப்பிள்ளையோட அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு தள்ளினாரு. நீ தலையில கை வெச்சுக்கிட்டு நின்னே. ஆனா நான் ஒண்ணு பார்த்தேன். அதுவரைக்கும் உம்முனு உட்கார்ந்திருந்த மனுஷன், வண்டி கிளம்பினதும் கைதட்டிச் சிரிச்சாரு. உன் ஆளுங்களும் அவர் ஆளுங்களும் மூச்சு வாங்கிக்கிட்டு ஒரே சொம்புல தண்ணி குடிச்சாங்க. நீ போட்ட பிரியாணியால ஆகாத சம்பந்தம் என் பேட்டரியால ஆச்சு.

நான் யாருன்னு மறந்துட்டியா? மறைமலைநகர் கம்பெனியில இருபத்தெட்டு வருஷம் பிரேக் இன்ஸ்பெக்‌ஷன். என் கையெழுத்து இல்லாம ஒரு பீஸ் கேட்டைத் தாண்டாது. சரியில்லைன்னா சிவப்புச் சீட்டு ஒட்டிடுவேன், மேனேஜரே வந்து கெஞ்சினாலும் கிழிக்க மாட்டேன். அந்தக் கை பார்த்துப் பார்த்து வெச்சிருக்கிற வண்டி இது. புது பேட்டரி போட்டாச்சு. ரேடியேட்டர் ஹோஸ் மாத்தியாச்சு. ஃபியூஸ் மாத்தியாச்சு. ஓட்டை மேல பலகை அடிச்சாச்சு. வியாழக்கிழமை காலையில மல்லிப்பூ சரத்தோட உன் வாசல்ல நிக்கும். ஜெனிட்டா அதுலதான் செங்கல்பட்டு சர்ச்சுக்குப் போவா. வேற வண்டி வந்துச்சின்னா குறுக்க என் வண்டியைப் போட்டுட்டு சாவியை வாயில போட்டுக்குவேன். உன்னால ஆனதைப் பார்த்துக்க.

கர்த்தர் உன்னையும் உன் குடும்பத்தையும், நீ இப்படிப் பேசினதையும் மீறி, நிறைவாக ஆசீர்வதிப்பாராக. தங்கச்சிக்கு என் அன்பு. ஜெனிட்டாவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
கடைசிவரை தன் வண்டியில் வருபவன்,
மோசஸ்.

பி.கு.: இதை மடித்து வைத்துவிட்டு, உன் அக்கா புடவை கட்டுவதற்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று போனேன். டீக்கடைக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். கால் தரைவரை போனது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் டீயோடு ஓடினார்கள். கீழே படுத்துப் பார்த்தேன். பிரேக் ஆயில் போகும் குழாய் நீளத்துக்கும் துரு, ஓரிடத்தில் சொட்டுகிறது. "நாளிக்கு சாயங்காலம் புதுசு மாட்டிடலாம் சார், கவலயே படாத" என்றான் மெக்கானிக் எல்லப்பன். மாட்டலாம். ஆனால் புதுசாக மாட்டின பிரேக்கை இரண்டு நாளாவது ஓட்டிப் பார்க்காமல் ஆள் ஏற்றக்கூடாது. நான் போட்ட ரூல்தான்.

ஜெனிட்டாவுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். "பரவால்ல மாமா, மெதுவா ஓட்டிகினு போ, நான் உன் வண்டிலதான் வருவேன்" என்று அழுதாள். முடியாது என்றேன். நானும் அழுதேன், அதை நீ யாரிடமும் சொல்லாதே.

கம்பெனியிலிருந்து ரிட்டயர் ஆகி வரும்போது கொண்டு வந்த சிவப்புச் சீட்டு ஒன்று பீரோவில் இருந்தது. என் கையாலேயே முன் கண்ணாடியில் ஒட்டி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே. நீ சொல்லி இது நிற்கவில்லை, நான் நிறுத்தினேன். மேலே எழுதினதில் ஒரு வரியையும் வாபஸ் வாங்கவில்லை. நீ சொல்லி வைத்த வண்டியே வரட்டும், நான் பஸ்ஸில் வருகிறேன். ஆனால் பெண் ஏறுவதற்கு முன்னால் அந்த வண்டியின் பிரேக்கை நான் ஒருமுறை மிதித்துப் பார்ப்பேன். யாரும் குறுக்கே வரக்கூடாது.