இருபத்து நான்காம் எண் சட்டையின் வாசம்

தல்லரி கல்லூரி மைதானத்துக்கு வெளியே வண்டி நிறுத்தும் திடலில் ஜனவரி மாதம் ஈ காக்கை இருக்காது. அமெரிக்கப் பந்தாட்டப் பருவம் முடிந்துவிடும். அந்த வருஷம் கடைசி ஆட்டத்தில் வேறு தோற்றுப்போய், ஊரே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தது. ஆனால் குறி சொல்லும் பிரதர் எல்ஸ்வர்த் கூடாரம் போட்டாரோ இல்லையோ, மிசிசிப்பியில் உள்ள பாதி பிக்கப் வண்டிகள் அந்தத் திடலில்தான் நின்றன. ஒரு பக்கம் அவித்த வேர்க்கடலை, ஒரு பக்கம் பன்றி விலா சுடும் புகை. நடுவில் பிரதருடைய கூடாரம். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு மூக்கின் படம்.

விஷயம் இதுதான். ஏப்ரல் மாதம் தொழில்முறை அணிகள் கல்லூரிப் பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். ஏழு சுற்று. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். எடுக்கப்பட்டவன் ராஜா, எடுக்கப்படாதவன் டயர் கடையில் வேலை கேட்டு நிற்பான். எவனை எடுப்பது என்று தீர்மானிக்க அந்த அணிகள் பையன்களை நாற்பது கஜம் ஓடவிட்டு, தாண்டவிட்டு, கடிகாரத்தால் அளந்து, உள்ளங்கை நீளத்தைக்கூடக் குறித்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கின்றன. பாவம், தங்களுக்கு மூக்கு இருப்பதை மறந்துவிட்டார்கள்.

பிரதர் எல்ஸ்வர்த் மறக்கவில்லை. கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொள்வார். பையன் போட்டு ஆடிய சட்டையைக் கையில் வாங்குவார். முகத்தில் வைத்து ஒரு இழுப்பு. எவனுடைய சட்டை, எத்தனையாவது சுற்று, எல்லாம் வந்து விழும். போன வருஷம் பதினொரு பையன்களைச் சொன்னார், மூன்று அப்படியே பலித்தது. அந்த மூன்று பேரையும் முடி வெட்டும் கடையில் கிடக்கிற பத்திரிகைகூட முதல் பக்கத்தில் போட்டிருந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பலிக்காத எட்டுப் பேர்? அவர்களுக்கு விசுவாசம் போதவில்லையாம்! ஆண்டவனே, எவ்வளவு வசதியான தொழில்!

இந்தக் கூட்டத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் கிளியோட்டிஸ் கிரப்ஸ். கோழி லாரி ஓட்டுபவர். அவர் மகன் ஜகாரி, தல்லரி அணியின் இருபத்து நான்காம் எண். எதிரணிக்குப் பறந்து வரும் பந்தை நடுவில் புகுந்து தட்டிப் பறிப்பது அவன் வேலை. படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. இப்போதே டிராஃப்டுக்குப் போவதென்றால் திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கல்லூரி ஆட்டம் முடிந்தது, அதோடு இலவசப் படிப்பும் முடிந்தது. அப்புறம் எந்த அணியும் எடுக்கவில்லை என்றால் பையன் நடுத்தெருவில்தான் நிற்பான்.

தொழில்முறை அணிகளின் சார்பில் ஆராய்ந்து சொல்கிற குழு டிசம்பரிலேயே ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. ஒரே வரி: "இன்னும் ஓராண்டு கல்லூரியிலேயே ஆடுவது நல்லது." அது குளிர்பதனப் பெட்டியின் தலைமேல், வாழைப்பழத்துக்கு அடியில் கிடந்தது. இலவசமாக வந்த புத்திமதி அல்லவா, அதற்கு என்ன மரியாதை?

கிளியோட்டிஸின் மனைவி மார்வெட்டாதான் கல்லூரி அணியின் சலவை அறையைப் பார்த்துக்கொள்பவள். பத்தொன்பது வருஷமாக நூற்றுப் பத்துச் சட்டைகளை வாராவாரம் துவைத்து, கிழிந்ததைத் தைத்து, கொக்கியில் மாட்டுகிறாள். பிரதர் மோந்து பார்க்கும் சட்டைகள் எல்லாம் அவள் கொக்கியிலிருந்து போனவைதான். புதன்கிழமை கிளியோட்டிஸ் அவளையும் தனி தரிசனத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அன்று பிரதருக்கு நல்ல சளி. ஜனவரிச் சளி. மூக்கு சிவந்து, பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது. அவர் வாயில் 'ம' எல்லாம் 'ப' ஆகிவிட்டிருந்தது.

"வாங்கப்பா" என்று மார்வெட்டாவை வரவேற்றார். அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பிறகுதான் 'வாங்கம்மா' என்று புரிந்தது.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஜகாரியின் சட்டையை வாங்கி, அதன் முதுகுப் பக்கத்தைக் கட்டைவிரலால் தடவியபடி முகத்தில் புதைத்தார். மார்பு விம்மியது. "ஆகா! பணக்குது! பகனே, ரொப்ப பணக்குது! ரெண்டாவது சுற்று!"

கிளியோட்டிஸ் குதித்தே விட்டார். "கேட்டியா மார்வெட்டா? பணக்குதாம்! பணம் கொட்டப்போவுதுன்னு பிரதரே வாயால சொல்லிட்டாரு!"

"மணக்குதுன்னு சொல்ல வந்தாருய்யா. சளி."

"ஆண்டவன் சளி மூலமாவும் பேசுவான்!"

வீட்டுக்கு வரும் வழியில் மார்வெட்டா அந்தச் சட்டையைத் தானும் ஒருமுறை மோந்து பார்த்தாள். லாரி வீட்டு வாசலில் நின்றதும் கேட்டாள்.

"ஏன்யா, 'ம' வராத அளவுக்கு மூக்கு அடைச்சவனுக்கு வாசனை மட்டும் எந்த வழியா போச்சு?"

"அது சாதாரண மூக்கு இல்ல."

"சரி, என்ன வாசனை? அத்தனை சட்டையும் நான் ஒரே சோப்பில துவைச்சது. அந்த நீல டிரம்முல வர்ற சோப்பு. விதி அதுக்குள்ளதான் இருக்குன்னா, எனக்கு வருஷத்துக்கு முப்பது டிரம் விதி வருது."

"உனக்கு விசுவாசமே கிடையாது."

"எனக்குப் புள்ள இருக்கான். ஒண்ணே ஒண்ணு."

சொல்லிவிட்டு லாரியிலிருந்து இறங்கினாள். அவளுக்குப் பயம். மகன் நன்றாக ஆடுபவன்தான். ஆனால் இன்னும் ஒரு வருஷம் ஆடினால் இன்னும் நன்றாக ஆடுவான் என்று கடிகாரம் வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். மூக்கு வைத்திருப்பவன் ஒருவன் வேறு மாதிரி சொல்கிறான். புருஷன் மூக்கை நம்புகிறான்! போதாததற்கு, பிரதர் 'போ' என்று சொன்ன பையன்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: பையன்களுக்காக அணிகளிடம் பேரம் பேசிக் கமிஷன் எடுக்கும், பாம்புத்தோல் பூட்ஸ் போட்ட ஒரு ஏஜென்ட். அந்த ஏஜென்ட் எப்போதும் கூடாரத்துக்குப் பின்னால்தான் நின்றான்.

இன்னொன்றும் அவள் மனத்தை அரித்தது. பிரதர் மூக்கால் மோந்தார் சரி. கட்டைவிரல் ஏன் சட்டை முதுகில் ஊர்ந்தது? சட்டையில் எண்ணை அச்சடிப்பதில்லை. கெட்டித் துணியில் வெட்டி, சுற்றிலும் தைப்பார்கள். தையல் விட்டுப்போன எண்களை அவளே எத்தனை முறை தைத்திருக்கிறாள்! கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே மூன்று எது, எட்டு எது என்று அவளுக்குத் தெரியும். பிரதருக்கும் தெரிந்திருக்கிறது. எண் தெரிந்தால் ஆள் தெரியும். ஆள் தெரிந்தால் பத்திரிகையில் படித்ததைச் சொல்ல வேண்டியதுதான். தல்லரியில் சட்டை முதுகில் பெயர் போடும் வழக்கம் கிடையாது என்பதால், பார்க்கிறவர்களுக்கு அது இன்னும் பெரிய அதிசயமாகத் தெரிந்தது.

மார்வெட்டா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் கூடாரம் நிரம்பி வழிந்தது. மேடையில் மேஜை, மேஜைமேல் ஜகாரி கையெழுத்துப் போட வேண்டிய தாள், பக்கத்தில் பேனா. எல்லோர் முன்னிலையிலும் இன்னொரு முறை மோந்து பார்த்து ஆசி வழங்குவதாக ஏற்பாடு. உள்ளே ஹீட்டர் சூடு. பிரதர் தம் தொப்பைமேல் இறுகியிருந்த ஊதா வெல்வெட் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். அதில் அடித்திருந்த அத்தர் கடைசி பெஞ்சு வரை வீசியது. கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"கொண்டாங்கப்பா சட்டையை!"

மார்வெட்டா மேடையேறிச் சட்டையைக் கொடுத்தாள். இருபத்து நான்கு. கட்டைவிரல் ஊர்ந்தது. ஒரு இழுப்பு.

"ஆகா! பின்னல் காலு!" மின்னல் கால் என்று கூட்டம் புரிந்துகொண்டது. "எதிராளி கையில இருக்கிற பந்தைப் பறிக்கிற பருந்து! ரெண்டாவது சுற்று... இல்ல, இன்னுப் பேல! புதல் சுற்று!"

கூடாரம் அதிர்ந்தது. கிளியோட்டிஸ் தொப்பியைத் தூக்கி எறிந்தார். மேஜையருகே நின்ற ஜகாரி பேனாவைக் கையில் எடுத்தான்.

"நிச்சயமா பிரதர்? இந்தச் சட்டைக்காரனேதானா?" என்று கேட்டாள் மார்வெட்டா.

"வானத்துபேல சத்தியப்!"

"சந்தோஷம். வெண்டெல் தம்பி, கொஞ்சம் எழுந்திரிப்பா."

மூன்றாவது பெஞ்சில், கை நிறைய வேர்க்கடலையோடு, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு ஒல்லிப் பையன் எழுந்து நின்றான். வெண்டெல் ஸ்ப்ரூயில். மண் வளம் படிக்கிறவன். அப்பாவுக்குக் கெளுத்தி மீன் பண்ணை. மூன்று வருஷத்தில் அவன் மைதானத்துக்குள் இறங்கியது பதினொரு தடவை. அதுவும் வேறொருவன் உதைப்பதற்காகப் பந்தைத் தரையில் பிடித்துக்கொள்ள. அவன் எண்ணும் இருபத்து நான்குதான்.

ஆமாம், சட்டை எண் தொண்ணூற்றொன்பதோடு முடிந்துவிடும்போது நூற்றுப் பத்துப் பேருக்கு எண்கள் எங்கிருந்து வரும்? கல்லூரி அணியில் தடுக்கிறவன் ஒருவனுக்கும் தாக்குகிறவன் ஒருவனுக்கும் ஒரே எண் இருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? அதை யாரும் கூடாரத்துக்குள் கொண்டுவரவில்லை, வண்டியோடு சேர்த்து மூளையையும் வெளியே நிறுத்திவிட்டுத்தான் வந்தார்கள்.

"மிஸ் மார்வெட்டா, அது என் சட்டைங்க" என்றான் வெண்டெல் கூச்சத்தோடு. "ஆனா நான் மீன் பண்ணைக்குத்தான் போறேன். அங்க சுத்து கித்து எதுவும் இல்லைங்க."

முதல் சிரிப்பு பின் பெஞ்சிலிருந்து வந்தது. பிறகு நாலு பக்கமிருந்தும்.

பிரதர் அசரவில்லை. கண்கட்டோடே கையை உயர்த்தினார். "அலபாரியில ஒண்ணோட ஒண்ணு பட்டு வாசனை கலந்துபோச்சு! இது சூழ்ச்சி!"

"இருக்கலாம் பிரதர். அப்ப கலப்படமில்லாத ஒண்ணு தரேன். கட்டை அவிழ்க்காதீங்க." மார்வெட்டா வாசல் பக்கம் திரும்பினாள். "ஏம்பா ஆர்லிஸ், உன் அடுப்புக் கையுறையைக் குடு."

விலா சுடுகிற ஆர்லிஸ் முழங்கை வரை வரும் தடித்த கையுறைகளைத் தூக்கிப் போட்டான்.

"இது எதுக்கு?" என்றார் பிரதர். முதல் முறையாகக் குரல் இறங்கியது.

"மோந்து பாக்க மூக்குதான வேணும்? கைக்கு அங்க என்ன வேலை?"

"அதானே!" என்றது கூட்டம். "போட்டுக்க பிரதர்! மூக்கைக் காட்டு பிரதர்!"

வேறு வழியில்லை. போட்டுக்கொண்டார். மார்வெட்டா நாற்காலியிலிருந்து அவருடைய ஊதா வெல்வெட் கோட்டை எடுத்தாள். கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அறுநூறு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கோட்டை அந்தக் கையுறைகளுக்குள் திணித்தாள்.

அத்தர் கடைசி பெஞ்சுக்காரனுக்கே தலைவலி கொடுத்துக்கொண்டிருந்தது. பிரதர் இழுத்தார். மறுபடி இழுத்தார். மூக்கில் 'கொர்' என்றது. புகழ்ந்து ஒருமுறை மாட்டிக்கொண்டாயிற்று, இந்தத் தடவை வைதுவிடுவதே பத்திரம் என்று பட்டிருக்க வேண்டும்.

"உடப்பு பெருத்தவன்" என்றார் சோகமாக. "ஓட்டப் இல்ல. உழைப்பு இல்ல. இவனை எவனுப் எடுக்கப் பாட்டான். இவனுக்கு எதிர்காலபே இல்ல!"

கூடாரம் வெடித்தது. பெஞ்சு ஒன்று சாய்ந்தது. கண்கட்டை அவிழ்க்கலாமென்றால் கையில் அடுப்புக் கையுறை. மனிதர் கரடி மாதிரி முகத்தைப் பிராண்டிக்கொண்டு தவித்தார். மார்வெட்டாவே அவிழ்த்துவிட்டாள். எதிரே தன் கோட்டைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அவர் சொன்னதிலேயே பத்திரிகையைப் பார்க்காமல் சொல்லிப் பலித்த குறி அது ஒன்றுதான்.

பாம்புத்தோல் பூட்ஸ்காரனை அதற்குள் காணோம். நான்கு விநாடியில் நாற்பது கஜம் ஓடியிருப்பான். அவனை எந்த அணியும் முதல் சுற்றிலேயே எடுத்திருக்கலாம்.

ஜகாரி தாளை எட்டாக மடித்தான். ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினான். மேஜை ஆடாமல் நின்றது. "இப்பத்தான் உருப்படியா ஒரு வேலைக்கு ஆச்சும்மா" என்றான்.

கிளியோட்டிஸ் தொப்பியைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். மனைவி முகத்தைப் பார்க்க வெட்கம். "அந்தக் கடுதாசி... வாழைப்பழத்துக்கு அடியிலதான இருக்கு?"

"அங்கதான் இருக்கு. பழம் அழுகிருச்சு. கடுதாசி நல்லாத்தான் இருக்கு."

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். திங்கட்கிழமை காலை மார்வெட்டா வேலைக்கு வந்தால், சலவை அறை வாசலில் ஒரு வரிசை. தாய்மார்கள், தகப்பன்மார்கள், ஒரு பாதிரியார், எல்லோர் கையிலும் ஒரு சட்டை.

"என்ன இது?"

முன்னால் நின்ற பெண்மணி பயபக்தியோடு சட்டையை நீட்டினாள். "மிஸ் மார்வெட்டா, அவன் ஃபிராடுன்னு எங்களுக்கு அப்பவே தெரியும். நீங்க பத்தொன்பது வருஷமா இந்தச் சட்டைங்களோட புழங்கறவங்க. நீங்களே ஒருதடவை மோந்து சொல்லிட்டீங்கன்னா..."

மார்வெட்டா அத்தனை சட்டைகளையும் வாரி வாங்கினாள். வாங்கி, இயந்திரத்துக்குள் போட்டாள். நீல டிரம்மிலிருந்து இரண்டு கரண்டி சோப்பைக் கொட்டிக் கதவைச் சாத்தினாள்.

"மத்தியானம் வாங்க, காஞ்சிருக்கும்" என்றாள். "சட்டையை எத்தனை வேணா கொண்டாங்க, நான் துவைச்சுத் தரேன். மூளையை மட்டும் எவன்கிட்டயும் சலவைக்குப் போடாதீங்க."