பாப்பாவுக்கு நான் கட்டிய அறை

எந்த வேலையும் செய்யாமல், வேலை செய்து களைத்தவனின் முகத்தோடு திரிவது ஒரு திறமை. எனக்கு அது பிறவியிலேயே இருந்திருக்க வேண்டும். முழுமையாக மலர்ந்தது நான் அப்பாவான வருடத்தில்தான்.

மன்னார்குடியில் எங்களுக்கு உரக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டின் கடைசியில் ஓர் அறை. பெயர்தான் அறை; கடையில் இடம் பற்றாத விதைநெல் மூட்டைகளும் வேப்பம் புண்ணாக்கு மூட்டைகளும்தான் அதில் குடியிருந்தன. பிரசவத்துக்காக மாயவரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பிய அன்று, என் மனைவி ஷீலா காரில் ஏறுவதற்கு முன் அந்த அறைக் கதவைத் திறந்து காட்டினாள்.

"நான் பிள்ளையோட வர்றதுக்குள்ள இதைக் காலி பண்ணிடுங்க. வெள்ளை அடிச்சு ஒரு பாயை விரிச்சாப் போதும். பிள்ளை கையைக் காலை ஆட்டி விளையாட ஒரு இடம் வேணும். வேற ஒண்ணும் கேக்கல."

"என் பிள்ளைக்கு வெறும் பாயா?" என்று கேட்டேன். (அந்த வாயை அப்போதே கோணி ஊசியால் தைத்திருக்க வேண்டும்.)

மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு திட்டம் வேண்டும் என்று முடிவு செய்தேன். சோம்பேறிகள் எல்லோரும் திட்டத்தில்தான் தொடங்குவார்கள். குழந்தைகள் அறையை எப்படி அமைப்பது என்று வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். அதில் ஒருத்தி, தன் பிள்ளையின் அறையை முதலில் ஒரு கணினி விளையாட்டில் கட்டிப் பார்த்ததாகச் சொன்னாள். திரைக்குள் ஒரு வீடு கட்டி, அதில் மனிதர்களைக் குடிவைத்து, அவர்களைச் சமைக்க வைத்து, தூங்க வைத்து, பிள்ளை பெற வைக்கிற விளையாட்டு. அவள் கட்டிப் பார்த்துவிட்டு எழுந்துபோய் நிஜ அறையைக் கட்டினாள். நான் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த விளையாட்டில் என் பெயரில் ஓர் ஆளை உருவாக்கினேன். எனக்கு இருக்கும் தொப்பையை அவனுக்கு வைக்கவில்லை. ஷீலாவின் பெயரில் ஒரு பெண். இருவருக்கும் ஒரு கைக்குழந்தை. பிறகு அறை. சுவருக்கு நாற்றங்கால் பச்சை. அது சற்று அடர்த்தி என்று தோன்றி, நட்டு சில நாளான பயிரின் பச்சை. தரையில் மெத்து விரிப்பு, மூலையில் பந்துத் தொட்டி, மரக்குதிரை, கூடாரம், இன்னும் கழுத்தே நிற்காத குழந்தைக்குப் புத்தக அலமாரி. காலை வெயில் இதமாக விழவேண்டும் என்பதற்காக ஜன்னலைக் கிழக்குச் சுவரில் இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். நிஜ அறையிலும் ஜன்னல் உண்டு. எந்தச் சுவரில் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன். மூட்டைகளுக்குப் பின்னால் அதைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மாயவரத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஜெனி என்று பெயர் வைத்தோம். போய்ப் பார்த்தேன், தூக்கினேன், அழுதேன், திரும்பி வந்து மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்தேன். சம்பா நடவு நேரம். கடையில் கூட்டம். கடையைக் கவனித்த நேரம் போக மிச்சமெல்லாம் திரைக்குள் போயிற்று. அந்த வாரம் புதிதாக ஒரு லோடு புண்ணாக்கு வந்தது. எங்கே இறக்குவது என்று லோடுமேன் கேட்டபோது, திரையில் திரைச்சீலைக்கு முயல் போடலாமா மீன் போடலாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். "பின்னாடி ரூம்லயே போடுங்கண்ணே" என்றேன். போட்டார். அறை கூரைவரை நிறைந்தது.

ஷீலா தினமும் போனில் கேட்பாள். "ரூமு எந்த மட்டுல இருக்கு?"

"பச்சை அடிச்சாச்சு. கீழ மெத்து மெத்துன்னு விரிப்பு போட்டிருக்கேன்." சுட்டியைக் கையில் பிடித்தபடி பேசும்போது அது பொய்யாகவே தோன்றவில்லை.

"போட்டோ அனுப்புங்களேன்."

அனுப்பினேன். இந்தக் காலத்து விளையாட்டுகளில் படம் அவ்வளவு தத்ரூபம். கைபேசியின் சின்னத் திரையில் நிஜ அறையேதான். பதிலுக்குத் தழுதழுத்த குரலில் ஒரு செய்தி வந்தது. "நீங்க இவ்வளவு பண்ணுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லைங்க."

மனிதனாகப் பிறந்தவன் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் "பிள்ளைக்காகத்தானே" என்று பதில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து ஒரே மூச்சில் காலி செய்துவிடலாம் என்று கணக்கு. அப்படி எத்தனையோ ஞாயிறுகள் கோயிலுக்குப் போவதிலும் பிரியாணியிலும் கழிந்தன.

அந்தப் படத்தை என் மாமனார் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடம் எல்லாம் காட்டியிருக்கிறார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். லேசில் யாரையும் பாராட்டாதவர். "எங்க மாப்பிள்ளை தன் கையால பண்ணினது" என்றாராம். யாரோ ஒருவர், இவ்வளவு நல்ல அறை காத்துக்கிடக்கும்போது பிள்ளையை ஏன் இங்கே புழுக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். மாமனாருக்கும் அது நியாயமாகப் பட்டிருக்கிறது. மாத முடிவில் வருவதாக இருந்தவர்கள், எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுப்பதற்காக ஒரு வியாழக்கிழமை காலை வாடகைக் கார் பிடித்து வந்து இறங்கினார்கள்.

ஷீலா கையில் ஜெனி. மாமியார் கையில் தொட்டில் துணி மூட்டை. மாமனார் கையில் அந்த அறையில் வைப்பதற்கென்று வாங்கிய குழந்தை இயேசு சுரூபம், துண்டில் சுற்றி.

"உக்காருங்க, முதல்ல காப்பி சாப்பிடலாம்" என்றேன்.

"காப்பி எங்க ஓடிப்போவுது? மொதல்ல ரூமைப் பாக்கணும்" என்று மாமியார் நேராக உள்ளே நடந்தார். நான் முந்திக்கொண்டு ஓடியதை, திறந்து காட்டும் ஆர்வம் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். மாமியார் கதவைத் தள்ளினார். பாதிதான் திறந்தது. இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினார். உள்ளே ஏதோ சரிந்தது. மேலிருந்த புண்ணாக்கு மூட்டை ஒன்று வாய் அவிழ்ந்து வாசற்படியில் கொட்டியது. அந்தக் கசப்பு நெடியில் ஜெனி தும்மினாள். நான் கேட்ட அவளுடைய முதல் தும்மல் அது.

"இது எந்த ரூமு?" என்றாள் ஷீலா.

"இதுதான் ரூமு."

"போட்டோல இருந்தது?"

"அது டிசைன்."

அதோடு வாயை மூடியிருந்தால் திட்டோடு போயிருக்கும். ஆனால் நான் உழைத்தவன் அல்லவா? என் உழைப்பு வீணல்ல என்று காட்ட வேண்டும் என்று தோன்றியது. மடிக்கணினியைக் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்து அந்த விளையாட்டைத் திறந்தேன். மாமனார் சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். மாமியாரும் ஷீலாவும் பின்னால் நின்றார்கள். திரையில் இருப்பவர்கள் யார் யார், வெயில் எப்படி விழும், விரிப்பு ஏன் அந்த நிறம் என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். நான் பேசப் பேச திரைக்குள் இருந்த அந்த வீட்டிலும் நேரம் ஓடிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

மாமனார்தான் திரையைச் சுட்டிச் சொன்னார். "பிள்ளை அழுவுது மாப்பிள்ளை."

"பசி மாமா. அவ வந்து தூக்கிக்குவா."

"அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு கையை ஆட்டுதே, ஏன்?"

பார்த்தேன். குதிரை, கூடாரம், அலமாரி என்று நான் அடைத்த அடைப்பில் குழந்தையிடம் போக வழியே இல்லை. தாய் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"சரி, நீங்க எங்க? உங்க பேர்ல ஒருத்தன் இருக்கான்னீங்களே?"

என் பெயரில் இருந்தவன் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். குதிரையை நகர்த்தப் பதற்றத்தில் எதை எதையோ அழுத்தினேன். இன்னொரு குதிரை வந்து நின்றது. அதற்குள் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி விறுவிறுவென்று அந்த வீட்டுக்குள் நுழைந்தார். தாய்க்கு இல்லாத வழி அவருக்கு எப்படியோ இருந்தது. குழந்தையைத் தூக்கினார், வெளியே போனார், மறைந்தார்.

"யாரு இந்தம்மா?" என்றார் மாமனார்.

"பிள்ளைங்க நல அதிகாரி. பிள்ளையைச் சரியா பாத்துக்கலைன்னா வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"எப்பத் திருப்பிக் குடுப்பாங்க?" மாமியார் நிஜமான கவலையோடுதான் கேட்டார்.

"குடுக்க மாட்டாங்க அத்தை."

ஷீலா ஜெனியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, காரு போயிடுச்சா?"

"இல்லம்மா, நிக்குது."

வாசல்வரை பின்னாலேயே போனேன். மாமனார் சுரூபத்தைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, அதையாவது வச்சுட்டுப் போங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இவரும் குழந்தைதானே மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று மத்தியானமே கடையைப் பாதியில் சாத்திவிட்டு அத்தனை மூட்டைகளையும் நானே சுமந்து வெளியே போட்டேன். என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கூலியாக இடுப்பு பிடித்துக்கொண்டது. ஜன்னல் வடக்குச் சுவரில் இருந்தது. வெயிலே விழாது. வெள்ளை அடித்து, கழுவி, ஒரு பாயை விரித்தேன். சில நாள் கழித்து மாமனார் மட்டும் தனியாக வந்து, சுவரைத் தொட்டு, மூச்சை இழுத்து நெடியைச் சோதித்து, அறையின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் தாயும் பிள்ளையும் வந்தார்கள்.

ஜெனி இப்போது யூகேஜி படிக்கிறாள். மாமனார் இன்றைக்கும் தினமும் சாயங்காலம் மாயவரத்திலிருந்து போன் செய்கிறார். பேத்தி நல்லா இருக்கிறாளா என்று அவர் கேட்பதில்லை.

"பிள்ளை இருக்கா, எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

ஆரம்பத்தில் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் நான் கட்டிலில் புரண்டு படுப்பதற்குள் ஜெனியே போனை எடுத்துவிடுகிறாள்.

"இருக்கேன் தாத்தா. அப்பா தூங்குறாங்க. கோட்டுப் போட்டவங்க இன்னும் வரல."