குருவிக்கு விட்ட குட்டை

கோயமுத்தூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் டிராக்டருக்கு "ங்க" போட்டுப் பேசிய மனிதர் ஒருவர்தான் இருந்திருப்பார். காலையில் வண்டியைக் கிளப்பும்போது, "போலாமுங்களா?" என்று அதனிடம் கேட்பார். அது உறுமிய பிறகுதான் ஏறி உட்காருவார். வழியில் நாய் படுத்திருந்தால் இறங்கிப்போய், "ஏனுங்க, செத்த அக்கட்டால படுத்துக்கறீங்களா?" என்பார். நாய்க்கு மனமில்லையென்றால் காத்திருப்பார். பின்னால் பஸ் நின்று அலறும். ஊர் அவருக்கு வைத்த பெயர் மரியாதைக்காரர்.

எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது தொண்ணூறுகளில் ஒரு வைகாசியில். கருமத்தம்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் குளம் வற்றிக் கிடந்தது. தண்ணீர் நின்ற வருஷங்களில் நாரையும் நீர்க்காகமும் தாராவுமாகச் சந்தை போல் இரையும். அந்த வருஷம் நடுவில் ஒரு குட்டைதான் மிச்சம். வீட்டுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்து, காட்டுக்கு உரமாக வண்டல் அள்ளினோம். என் முறை கடைசி. மேற்கே மலைமேல் மேகம் கறுத்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கல்லாய்க் கிடக்கும் என் சுக்காம்பாறைக் காட்டுக்கு அந்த வருஷம் மண் இல்லை. நல்ல வண்டலெல்லாம் குட்டைக்கு அடியில் இருந்தது. இறைத்துவிட ஆயில் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினேன்.

மண் அடிக்க நான் டிராக்டரோடு வரச்சொல்லியிருந்த மரியாதைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"அம்மா, அந்தத் தண்ணிய எறைக்க வேண்டாமுங்க."

"ஏனாமா?"

"அவீங்களுக்கு வேணுமுங்க."

"எவீங்களுக்கு?"

கை காட்டினார். வெடித்த தரையில், வண்டித் தடத்துக்குப் பத்தடி தள்ளி, நாலு முட்டை. பக்கத்தில் ஆள்காட்டிக் குருவி ஒன்று எங்களை வைதுகொண்டிருந்தது.

"வெயிலுக்கு முட்ட வெந்து போயிருமுங்க. அவீங்க குட்டைல வயித்த நனைச்சுட்டு வந்து மேல உக்காந்து குளுமை பண்றாங்க. பொரிக்க இன்னும் ரண்டு மூணு நாளுத்தானுங்க."

"மழை வந்துட்டா என்ற காட்டுக்கு உன்ற குருவி வந்து மண்ணுக் கொட்டுமா?"

"கேட்டுப் பாக்கறனுங்க" என்றார். சிரிக்கவில்லை.

நூறு கோழியை அடைவைத்தவள் நான். வெயில்தானே வில்லங்கம்? ஆளை அனுப்பிக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தை வரவழைத்தேன். முட்டைகளின்மேல் கவிழ்த்துச் சாக்கைப் போர்த்தினேன்.

"நெழலாச்சு. எஞ்சின ஓட்டு."

எஞ்சின் ஓடியது. குட்டை சுருங்கச் சுருங்கக் கெளுத்திகள் துள்ளின. குருவி வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து பஞ்சாரத்தைச் சுற்றியது. உள்ளே போக வழியில்லை. ஈரம் மண்ணில் சொட்டிக் காய்ந்தது. மறுபடி ஓடியது, மறுபடி வந்தது. மரியாதைக்காரர் பஞ்சாரத்தருகே போய்க் குனிந்தார். அப்போதும் பஞ்சாரத்தைத் தொடவில்லை. அது என் சாமான் அல்லவா!

"அம்மா, உங்க பஞ்சாரத்த நான் தொடலாமுங்களா?"

"தொட்டயின்னா கைய முறிச்சுப்போடுவேன்."

"சரீங்க" என்று நின்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அந்த "சரீங்க"வை என்ன செய்வது?

மூன்றாம் முறை வந்த குருவி, தண்ணீர் சொட்ட, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அடுப்புப் போல் காந்தியது. பஞ்சாரத்தைப் பிடுங்கி வீசினேன். நாங்கள் விலகியதும் குருவி ஓடிவந்து நனைந்த வயிற்றோடு உட்கார்ந்தது.

"எஞ்சின நிறுத்தித் தொலை."

அவர் எஞ்சினிடம் போய், "இப்பத்திக்குப் போதுமுங்க" என்றார்.

பாதிக் குட்டை மிஞ்சியது. என் இரண்டு நாளும் கரையோரத்து மட்டமண்ணைத்தான் அடித்தோம். நான் மேகத்தைப் பார்ப்பேன், அவர் முட்டையைப் பார்ப்பார். இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நுரையைத் தள்ளிக்கொண்டு வந்து குட்டையைத் தொட்டது. முட்டை இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

"போச்சுங்களே" என்று மரியாதைக்காரர் கரைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் என் கண்ணில் பட்டது. கரைச் சரிவில் தாய் முன்னே, கூழாங்கல் நிறத்தில் நாலு குஞ்சு பின்னே. கரையைக் கடக்க நின்றன. எங்களுக்குப் பின்னால் மொபட்டில் வந்த பால்காரர் ஆரன் அடித்தார்.

"இன்னொருக்கா அடிச்சயின்னா வண்டியத் தூக்கிக் கொளத்துல போட்டுருவேன்!"

கத்தியது நான்தான்.

நாலும் மறுபக்கம் இறங்கின. அவர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, உங்க வண்டலு போச்சுங்க" என்றார்.

"போவுட்டும். வந்து சோறு உண்டுபோட்டுப் போங்க."

அடுத்த முறை குளம் வற்றியபோது மண் அடிக்க மூன்று டிப்பர் லாரிகள் வாசலில் வந்து நின்றன. மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டு, மரியாதைக்காரரின் டிராக்டர் வரும்வரை உச்சிவெயிலில் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.