மூன்றாம் அங்கத்துக்காரர்

செல்வி அக்கா இருந்தார். மன்னார் அன்ரன் இருந்தான். நான் இருந்தேன். மேசையின் தலைப்பக்கம் அவர் இருந்தார். சென்ட் லோரன்டில் ஹோட்டல் விரிப்புகள் தோய்க்கும் தொழிற்சாலை. மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

மொன்றியலில் அவரை விடப் பிடிவாதக்காரன் கிடையாது. இருந்திருந்தால் அவன் இவரிடம் தோற்று வேறு நகரத்துக்குப் போயிருப்பான்.

எங்களுக்கு அவர் 'மூன்றாம் அங்கம்'. நேரே கண்டால் மிசியே, பிரெஞ்சில் ஐயா. வட ஆபிரிக்காக்காரர். எந்த நாடு என்று கேட்டால் சொல்லமாட்டார். எங்களோடு பத்து வருடம் சாப்பிட்டதில் தமிழ் பிடிபட்டிருந்தது.

"அந்த நாடு என்ரை பேரைச் சொல்லேல்லை. நான் ஏன் அதின்ரை பேரைச் சொல்ல வேணும்?"

நாவல் நான்கு, நாடகம் ஏழு எழுதியவர். ஏழாவது நாடகம் மேடையேறிய முதல் நாள், இரண்டாம் அங்கம் முடிந்த இடைவேளையில் பொலிஸ் வந்து கொட்டகையைப் பூட்டியது. பின்கதவால் ஓடினார். ஓடியவர் இங்கே வந்துதான் நின்றார். மூன்றாம் அங்கத்தை உலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. சாக முதல் ஒருதரம் அது மேடையில் நடக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

அதுவரை நாவல் எழுதினார். எழுதியதைச் சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சில் வாசிப்பார். எங்களுக்கு விளங்காது. விளங்காததுதான் அவருக்கு வசதி. எங்கள் வாயைப் பார்ப்பார். சப்புவது நின்றால் அந்த வரி இருக்கும். சப்பிக்கொண்டே இருந்தால் வெட்டு. அன்ரன் கணவாய்க் கறி கொண்டுவந்த அன்று ஒரு முழு அத்தியாயம் போனது.

"மிசியே, கறியிலை பிழை. கதையிலை இல்லை" என்றான் அன்ரன்.

"கணவாயிட்டைத் தோக்கிற கதை எனக்கு வேண்டாம்."

ஒருநாள் கடதாசி முடிந்துவிட்டது. ஒரு தலையணை உறையில் எழுதினார். மற்றப் பக்கம் திரும்புவதற்குள் உறை லொறியில் ஏறிவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போனார். ஒவ்வொரு மாடியாக அறைக் கதவைத் தட்டி, "மன்னிக்கவேணும், உங்கடை தலையணையை வாசிக்கலாமோ?" என்று கேட்டிருக்கிறார். நான்காம் மாடியில் காவலாளிகள் தூக்கி வெளியே விட்டார்கள். அடுத்த நாள் சிரித்துக்கொண்டு வந்தார்.

"அவங்கள் தூக்க முதலே கண்டுபிடிச்சன். கூடாத எழுத்து. அந்த மனிசன் அதிலை படுத்து நல்லா நித்திரை கொண்டிருக்கிறான்."

பிறகு ஒரு நாள் நாடகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடமே வந்தார். அவருடைய நாட்டுக்காரர் நடிக்கப் பயந்தார்கள். ஊரில் அவர்களுக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள்.

"உங்களுக்கு அங்கை ஒருத்தரும் இல்லைத்தானே. நீங்கள் நடியுங்கோ."

செல்வி அக்கா, "எனக்கு மேடை ஏறினாக் கால் நடுங்கும் மிசியே" என்றார்.

"நடுங்கட்டும். அந்த மனிசிக்கும் நடுங்கும்."

செல்வி அக்காவின் மகள் பிரெஞ்சில் படித்தவள். அவள் சொல்லச் சொல்ல அக்கா தமிழில் எழுதினார். கதை சின்னது. பேக்கரியில் ஒரு பாண் சுடுகிறவன். முதலாம் அங்கத்தில் சுடுகிறான். இரண்டாவதில் ஆரோ கூட்டிக்கொண்டு போகிறார்கள். மூன்றாவதில் மனைவி அரசாங்கக் கந்தோருக்கு வந்து, "என்ரை மனிசன் எங்கை?" என்று கேட்கிறாள். கந்தோர்க்காரன் ஒன்பது தரம் "நாளைக்கு வாங்கோ" என்கிறான். அன்ரன் பாண் சுடுகிறவன். செல்வி அக்கா மனைவி.

"நீ கதைக்கிறது குறைவு" என்று என்னைக் கந்தோர்க்காரன் ஆக்கினார்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை. நான் அதை எங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயரில் எடுத்தேன். அங்கேதான் பிழை விட்டேன். சங்கத்தின் பெயரில் எடுத்தால் சங்கம் வரும்.

சனம் இரண்டு மணிக்கு வந்தது. மங்கள விளக்கு ஏற்ற ஐந்து பேர். பிறகு வரவேற்புரை. பிறகு ஆசியுரை. பிறகு தலைவர், "எனக்குத் தந்த ரண்டு நிமிசத்திலை" என்று தொடங்கி முப்பத்தைந்து நிமிடம் பேசினார். மிசியேவுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைக் கழற்றி என் கையில் தந்தார்.

"மணி என்ன?"

"மூண்டே கால்."

நாடகம் முழுக்க ஒன்றரை மணித்தியாலம்.

"மூண்டாம் அங்கத்திலை தொடங்கு."

அன்ரன் மா பூசிய முகத்தோடு ஓடி வந்தான். "மிசியே, மூண்டிலை நான் இல்லையே! நான் முதல் வந்தாத்தானே காணாமப் போகலாம்?"

"காணாமப் போறவன் சொல்லிப்போட்டே போறவன்? இரு."

அறுபது வரி பாடமாக்கினவன் படுதாவுக்குப் பின்னால் கதிரையில் இருந்தான். மிசியே சபையைப் பார்க்க மறுத்தார். மேடைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தொடங்கியபோது சபையில் கதையும் வடையும் நடந்தன. செல்வி அக்கா கால் நடுங்க வந்து கேட்டார். நான் "நாளைக்கு வாங்கோ" என்றேன். சிலர் சிரித்தார்கள். மூன்றாம் தரமும் சிரித்தார்கள். ஐந்தாம் தரம் சிரிப்பு இல்லை.

ஏழாம் தரம் சொன்னபோது இரண்டாம் வரிசையில் ஒரு அம்மா எழும்பினார்.

"எனக்கும் இதைத்தானே சொன்னவங்கள். வருசக் கணக்கா."

எனக்கு இன்னும் இரண்டு தரம் இருந்தது. நான் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பின்னாலிருந்து மிசியேவின் குரல் வந்தது. "சொல்லு. முடியவேணும். சொல்லு."

அந்த நேரம் மண்டபத்துக் காவலாளி படியால் இறங்கி வந்தார். கியூபெக்காரர். நாலு மணி. விளக்கு சுவிச்சில் கை வைத்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். தமிழ் தெரியாது. கையை எடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கடைசிக் கதிரையில் இருந்தார்.

நான் அந்த இரண்டையும் சொன்னேன். செல்வி அக்கா தன் கடைசி வரியைச் சொன்னார். "அப்ப நான் நாளைக்கும் வருவன்."

முடிந்தது. கை தட்டினார்களா என்று எனக்கு நினைவில்லை. பின்னால் போனேன். மிசியே இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு ஆடியது.

"கடைசி மட்டும் எத்தினை பேர் இருந்தவை?"

மேடையில் கந்தோர் மேசையில் இருந்தபடி சபையை எண்ணி வைத்திருந்தேன். எழும்பின அம்மா. காவலாளி. படுதாவுக்குப் பின்னால் அன்ரன். சுவரைப் பார்த்து நின்ற அவரையும் சேர்த்தேன்.

நாற்பத்தொன்று.