பெரட்டுப் பெரியப்பா நிறுத்திய கெட்டிமேளம்

“ஏன் புள்ள, போன்ல லிஸ்ட்டு போட்டா கல்யாணம் நடந்துருமா?”

என்னை இப்படிக் கேட்டவர் பெரட்டுப் பெரியப்பா. நீலகிரி மலையில் மனிதரை ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குவதில் அட்டைக்கு அடுத்தபடி அவர்தான். அட்டையாவது உப்பைப் போட்டால் விழுந்துவிடும்.

பெரட்டு என்றால் எஸ்டேட்டில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. சிலோன் தோட்டத்தில் அவருடைய அப்பா கூப்பிட்டார். கட்டபெட்டுப் பக்கம் வந்த பிறகு இவர் கூப்பிட்டார். ரிட்டையர் ஆன விஷயத்தை மட்டும் யாரும் இவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. நாலு பேர் ஒன்றாக நின்றால் போதும், சட்டைப்பையிலிருந்து நோட்டு வெளியே வந்துவிடும். ரேஷன் கடை வரிசையில் பெரட்டு, பஸ்ஸில் பெரட்டு. ஒருமுறை எழவு வீட்டில் எல்லார் பேரையும் கூப்பிட்டவர், பாடையில் இருந்தவர் பேரையும் கூப்பிட்டார். ஒரு நிமிஷம் காத்திருந்து, “லீவு” என்று எழுதிக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் இருக்கும் ஊரில்தான் என் அக்கா செல்வியின் கல்யாணத்தை வீட்டிலேயே வைக்க வேண்டியதாயிற்று. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். இன்று கணக்கு டீச்சர். குன்னூரில் ஒரு மண்டபம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். அதற்குள் அப்பா தேயிலைச் சரிவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். ரோட்டிலிருந்து கீழே வீட்டுக்கு நாற்பத்திரண்டு படி. அவரைத் தூக்கிக்கொண்டு ஏறவே முடியாது.

“அப்பா பாக்குற எடத்துலதான் தாலி கட்டிக்குவேன்” என்றாள் அக்கா. அவள் இதுவரை கேட்டது அந்த ஒன்றுதான்.

சரி என்று முற்றத்தில் பந்தல் போட்டோம். போனில் அறுபத்தேழு வேலைகளுக்கு லிஸ்ட் போட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள். ஆளிடம் சொன்னதும் ஒரு டிக். என் அழகான லிஸ்ட்டைப் பார்த்துத்தான் பெரியப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கல்யாணத்தன்று காலையில் பந்தலுக்குள்ளேயே மஞ்சு இறங்கி ஒரே பனிமூட்டமாகிவிட்டது. மணவறையில் இருந்து பார்த்தால் வீட்டு வாசல் தெரியவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வேன் சேற்றில் சிக்கியது. ஒரு வழியாக அவர்கள் படியிறங்கி வந்தால், நோட்டோடு எதிரே நிற்கிறார் இவர்.

“பேரு?”

“ஏனுங்க, நான் மாப்பிள்ளையோட அம்மாங்க.”

“அது ஒறவு. பேரச் சொல்லும்மா.”

“பழனியம்மாளுங்க.”

“லேட்டு. அரைப்பேருதான் போடுவேன்.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மஞ்சுக்குள் ஒளிந்துகொண்டேன். பாதி நாள் வருகைக்கு எஸ்டேட்டில் அரைப்பேர் என்பார்கள் என்று சம்பந்தியம்மாவிடம் எந்த முகத்தோடு விளக்குவது?

முகூர்த்தம் பத்தரைக்கு முடிகிறது. பத்து இருபதுக்குப் புரோகிதர் அவசரப்படுத்தினார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். மேளமும் நாதஸ்வரமும் வேகம் பிடித்தன. நான் அட்சதையோடு கையை ஓங்கிவிட்டேன்.

“நிப்பாட்டு!”

பெரியப்பா மணவறை முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேளக்காரர் கை தானாக நின்றது. அவரும் எஸ்டேட்டில் பிறந்தவர்தான்.

“ஒராளு கொறையுது” என்றார் பெரியப்பா.

எனக்கு வந்த கோபத்தில் நான் டீச்சர் என்பதே மறந்துபோனது. “இது பெரட்டுக் களமா? முகூர்த்தம் போகுது! ஒங்கள யாரு இங்க பேரு கூப்பிடச் சொன்னது? எட்டப் போங்க!”

எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கருப்பையா!” என்று கூப்பிட்டார்.

மேளம் நின்றிருந்ததால் மட்டுமே அது கேட்டது. வீட்டு உள்ளறையிலிருந்து, தொண்டை கட்டிப்போன ஒரு குரல்:

“இருக்கேண்ணே! எவ்வளவு நேரமாக் கத்துறேன்!”

எங்கள் அப்பா.

லிஸ்ட்டில் இருபத்தெட்டாவது வேலை: ஒன்பது மணிக்கு அப்பாவை நாற்காலியோடு பந்தலுக்குத் தூக்கி வருவது. மாமா மகன்கள் இருவரிடம் சொல்லி, டிக்கும் போட்டிருந்தேன். அவர்கள் சேற்றில் வேனைத் தள்ளப் போய்விட்டார்கள். பந்தலில் இறங்கிய மஞ்சில் அப்பா இல்லாதது அக்காவுக்குக்கூடத் தெரியவில்லை. யாருக்காகக் கல்யாணத்தை வீட்டில் வைத்தோமோ அவரைத்தான் மறந்திருந்தோம்.

மாப்பிள்ளை தாலியைத் தட்டில் வைத்துவிட்டு முதலில் ஓடினார். நாலு பேர் நாற்காலியைத் தூக்கி வந்து மணவறைக்கு இரண்டடி தள்ளி வைத்தார்கள். அப்பாவுக்கு வேட்டி மட்டும்தான் புதுசு. மேலே பழைய ஸ்வெட்டர். அக்கா அவரைப் பார்த்தாள். அதன் பிறகுதான் குனிந்தாள். பத்து இருபத்தேழுக்குத் தாலி ஏறியது.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“அதெல்லாம் கெடக்கட்டும். நீ காலையில பேரு கூப்டப்ப பதிலே சொல்லல. ஒனக்கு லீவுதான் போட்டிருக்கேன்” என்றார். இந்த மனிதரிடம் மன்னிப்புக்கூட நிம்மதியாகக் கேட்க முடியாது.

இப்போது கூடலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் படும் பாட்டை மகள் போனில் சொல்லி அழுகிறார். தை மாதம் எனக்குக் கல்யாணம். அதுவும் வீட்டில்தான். வரச் சொன்னால், “மூட்டு வலி, படி எறங்க முடியாது, புள்ள” என்கிறார்.

அப்பாவைத் தூக்கிய அதே நாற்காலிக்கு நேற்று இரண்டு மூங்கில் கட்டி வைத்தேன். அவரைக் கூட்டிவர இன்று காலை ஊட்டியில் கூடலூர் பஸ் ஏறிவிட்டேன். பைக்காரா தாண்டியாயிற்று.