ஏக்கருக்குப் பத்துப் பேர்

ஒரு ஏக்கர் நடவுக்குப் பத்துப் பெண்கள், ஒரு நாள். நான் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்த அலுவலகத்தின் வேலையளவுக் கையேடு, நான்காம் இயல், ஏழாம் பத்தியில் இப்படித்தான் சொல்கிறது. அதன் திருத்திய பதிப்பைச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே எனக்கு விதி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. விதிக்கு நடவு தெரியுமா என்று நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் என் மனைவி சாந்தாவின் பெயரில் ஒரு ஏக்கர் இருக்கிறது. ஓய்வு பெற்ற வருடம், குத்தகைக்காரரிடம் கேட்டு, முதலில் ஒரு சம்பா போகத்துக்கு அதைத் திரும்ப வாங்கினேன். விவசாய வேலைத்திறன் பற்றி எத்தனையோ அறிக்கை எழுதியவன், ஒரு ஏக்கரை நடத்திக் காட்ட முடியாதா? (அத்தனை அறிக்கைகளையும் காலில் செருப்போடு எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

"இந்தத் தடவ சொதப்பினா வயலு அவர்கிட்டயே போயிரும். அப்பறம் நீங்க அந்தப் பக்கம் வாயே தொறக்கக் கூடாது" என்றாள் சாந்தா. ஒப்புக்கொண்டேன்.

நடவு நாள் வந்தது. விடியற்காலையிலேயே ஆண்கள் நாற்றைப் பறித்து, 'முடி' என்று சொல்லும் சிறு கட்டுகளாகக் கட்டி வயலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பறித்த நாற்று மறுநாள் வரை தாங்கும். அதற்கு மேல் வெந்துவிடும். வேறு நாற்றங்கால் எனக்குக் கிடையாது. இளம்பெண்களில் பாதிப்பேர் திருப்பூருக்குப் போய்விட்டதால், சுற்றியுள்ள இரண்டு ஊருக்கும் ஒரே நடவு செட்டுதான். அதன் தலைவி மாரிக்கண்ணு. அவர் ஆட்களோடு வந்து இறங்கினார். எண்ணினேன். பதினான்கு பேர்.

ஸ்டாப்வாட்ச், நோட்டு, குடை சகிதம் வரப்பில் நின்றேன். பத்துப் பேர் நட்டார்கள். இரண்டு பேர் முடிகளை எடுத்து வீசினார்கள். ஒருத்தி பின்னாலேயே போய் விட்டுப்போன இடங்களில் நட்டாள். பதினான்காவது ஆள் காசாம்பு என்ற வயதான பெண்மணி. வாய்க்கால் ஓரமாகக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று மாரிக்கண்ணுவைக் கேட்டேன்.

"காசாம்புவா? உக்காந்துருக்கு."

"அது தெரியுது. வேலை?"

"அதான் சார். உக்காந்துருக்கு."

நோட்டில் 'பணியில் இல்லை' என்று குறித்தேன். அவர் இரண்டு முறை எழுந்து போய்க் கையைச் சேறாக்கிக்கொண்டு திரும்பினார். அதை 'இடைவேளை' என்று குறித்தேன். பத்து மணிக்கு, கால்வாசி வயல் முடிந்திருந்தபோது, என் முடிவை அறிவித்தேன்.

"ஏக்கருக்குப் பத்துப் பேர் போதும். நாலு பேர் கிளம்பலாம்."

"யாரு சார் சொன்னா?"

"கையேட்டுல இருக்கு."

"அத எழுதுனவங்க நடவு நட்டுருக்காங்களா?"

அந்தக் கேள்வி கையேட்டின் வரம்புக்குள் வராது என்றேன். மாரிக்கண்ணு வாய்க்காலில் கை கழுவிக்கொண்டார். கோபம் எதுவும் இல்லை. "எந்திரிங்கடி, போலாம்" என்றார். பதினான்கு பேரும் கரையேறினார்கள்.

"நாலு பேரத்தானே போகச் சொன்னேன்?"

"செட்டுன்னா முழுசா வரும், முழுசா போவும் சார். சட்டிய ஒடச்சுப் பாதிய அடுப்புல வைப்பாங்களா?"

நான் கலங்கவில்லை. தொழில்நுட்பம் என்ற ஒன்று இருக்கிறதே. ஒரத்தநாட்டில் நடவு இயந்திரம் வைத்திருப்பவருக்கு போன் செய்தேன். மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு முடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இது ஒரு அடி நீளத்துக்கு வளந்துருக்கு. மிஷினுக்குத் தட்டுல பாய் மாதிரி வளத்த சின்ன நாத்து வேணும். இத உள்ள விட்டா தும்மும்."

(பாய் நாற்றங்கால் பற்றி நான் ஓர் அறிக்கையே எழுதியிருக்கிறேன்.) அவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே இறங்கினேன். ஒரு மணி நேரத்தில் எங்கள் வீட்டு ஹால் அளவுக்கு நட்டேன். அந்தப் பெண்களில் ஒருத்திக்கு அது பத்து நிமிட வேலை. ஸ்டாப்வாட்ச் என் கழுத்தில்தான் தொங்கியது. நான் குப்புற விழுந்ததும் அதுவும் நின்றது. எழுந்து கண்ணைத் துடைத்தபோது என் நாற்றெல்லாம் மிதந்துகொண்டிருந்தது. அது நியாயம். ஆனால் காலையில் பெண்கள் நட்டதும் மிதந்தது.

வாய்க்காலில் தண்ணீர் ஏறியிருந்தது. வயலுக்குள் நீர் நுழையும் மடையை அடைக்கவோ திறக்கவோ ஆள் இல்லை. காசாம்பு உட்கார்ந்திருந்தது அந்த மடைக்குப் பக்கத்தில்தான். வயலில் தண்ணீர் இரண்டு விரல்கடைக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. நான் 'இடைவேளை' என்று எழுதிய இரண்டு முறையும் அவர் மடைக்குச் சேறு வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக்குப் போய், பதினான்கில் பத்து எது, நான்கு எது என்று விளக்கம் கேட்டு என் பழைய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பார்வை, பொருள், இணைப்பு எல்லாம் முறைப்படி. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வீடு திரும்பினால், சாந்தா செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அவங்க பதிலு வந்து நாத்து நடுமா? வாங்க."

மாரிக்கண்ணு வீட்டு வாசலில் நானே பேசினேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்த வாக்கியம் அலுவலகக் காலத்தில் எனக்குப் பழக்கமில்லாதது. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"நாளைக்கி வாறோம் சார்" என்றார் அவர். "ஆனா பதினாலு பேருதான். அப்பறம், வரப்புல ஒரு ஆளு உபரியா நிக்கிது. அது வேணாம்."

"யாரு?" என்று கேட்டேன். தெருவே சிரித்தது.

மறுநாள் நான் வீட்டை விட்டு நகரவில்லை. மிதந்ததைச் சேர்த்து முழு ஏக்கரையும் மூன்று மணிக்குள் முடித்துவிட்டுப் போனார்கள். ஒப்புக்கொண்டபடி, அடுத்த போகத்திலிருந்து வயல் குத்தகைக்காரரிடம். இன்றும் வீட்டு விசேஷங்களில் நான் வேலை சொல்ல ஆரம்பித்தால், மஸ்கட்டிலிருந்து வந்திருக்கும் மகன் அம்மாவைப் பார்த்து, "உபரி ஆள் எந்திரிச்சிட்டாரு" என்பான். எனக்கு ஒரு நாற்காலி போடப்படும்.

என் கடிதத்துக்கும் பதில் வந்தது. 'ஏழாம் பத்தியின் அடிக்குறிப்பைக் காண்க. பத்துப் பேர் என்பது நடுபவர்களை மட்டுமே குறிக்கும். முடி வீசுவோர், விடுபட்ட இடம் நடுவோர், தண்ணீர் பார்ப்போர் இதில் அடங்கார்.' பக்கத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். அடிக்குறிப்புக்குக் கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில், என் சுருக்கொப்பம். கதிர் அறுத்து, வைக்கோலும் கட்டி ஏற்றியான பிறகு, தை மாதம் பதினோராம் தேதி அது வந்து சேர்ந்தது.