கைரொல்லா வீட்டுக் கறுப்புத் திரை

பெண் கேட்கப் போன வீட்டில் மதியாருக்கு முதலில் காட்டப்பட்டது கறுத்துப் போன ஒரு கணினித் திரை.

"இதான்," என்றார் கைரொல்லா. பெண்ணின் அப்பா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நோயாளியின் கட்டிலருகே நிற்பவரைப் போல நின்றார். "லினக்ஸ் உனக்குத் தண்ணி பட்ட பாடுன்னு ஜன்சயா சொன்னா."

மதியார் ஜன்சயாவைப் பார்த்தான். அவள் சுவரில் தொங்கிய கம்பளத்தைப் பார்த்தாள்.

அவன் அவளிடம் சொல்லியிருந்தது வேறு. கசாக் தலைநகர் அஸ்தானாவில் ஒரு வங்கியின் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். அவை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றில் ஒன்றுக்குக்கூடத் திரை கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டு என்ற பொருளை மதியார் கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துத்தான் பார்த்திருக்கிறான். காதலிக்கும் பெண்ணிடம் இவ்வளவு விவரம் யாரும் சொல்வதில்லை.

திட்டம் முழுவதும் ஜன்சயாவுடையது. "பெரியவங்க வந்து பேசறதுக்கு முன்னாடி அப்பா உன்னைத் தனியாப் பாக்கணுமாம்," என்று போனில் சொன்னாள். "அவருக்கு உலகத்துல ரெண்டே செல்லம். நான் ஒண்ணு, அந்தக் கம்ப்யூட்டர் ஒண்ணு. அது இப்ப படுத்துக் கிடக்கு. அதை மட்டும் எழுப்பி விட்டுட்டேன்னா என்னைத் தூக்கிக் குடுத்துடுவார்."

"எழுப்பலைன்னா?"

"நீ ஏன் அப்படியெல்லாம் யோசிக்கறே?"

கைரொல்லா கரகாந்தா சுரங்கத்தில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். இந்தக் கணினியைக் கடையில் வாங்கவில்லை. பாகம் பாகமாகச் சேர்த்துத் தானே பூட்டினார். காசு கொடுத்து வாங்கும் இயங்குதளங்களை வீட்டுக்குள் விடமாட்டார். அவற்றை வைத்திருப்பவர்களிடம் அவருக்குக் கோபம் கிடையாது. துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல மெதுவாகப் பேசுவார்.

"எப்பலேருந்து ஐயா இப்படி?"

"போன வாரம் புது கெர்னல் வந்துது. ஏத்தினேன். போட்டதும் லோகோ வருது. அப்புறம் இப்படித்தான். மூலையில ஒரு கோடு கண் சிமிட்டுது."

வீட்டுக்கு அஸ்திவாரத்தை மாற்றிவிட்டுக் கதவை மட்டும் பழசாக விட்டுவைத்த கதை. இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னல் புதுசு, திரைக்குப் படம் அனுப்பும் கார்டை இயக்கும் டிரைவர் நிரல் பழசு. மதியாருக்கு இது புரிந்தது. புரிந்ததில் கொஞ்சம் தைரியமும் வந்தது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினான். கறுப்பின் மேல் வெள்ளை எழுத்தில் உள்நுழையச் சொல்லி ஒரு வரி வந்தது.

ஜன்சயா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"அது எனக்கும் வருது," என்றார் கைரொல்லா.

மதியார் உள்ளே போய்ப் பதிவுகளைப் படித்தான். சிவப்பு வரிகள் நிறைய இருந்தன. "இதுல ரெண்டு டிரைவர் இருக்கு ஐயா. ஒண்ணு பொதுவாக் கிடைக்கிறது. இன்னொண்ணு கார்டு பண்ணின கம்பெனிக்காரன் குடுத்தது. ரெண்டும் ஒரே கார்டைப் பிடிச்சு இழுக்குது."

"ஒரே அடுப்படியில ரெண்டு மருமக," என்று சொல்லிக்கொண்டே ஜன்சயாவின் அம்மா ரைகான் எட்டிப் பார்த்தாள். "யாரு கை ஓங்கியிருக்கு?"

"இப்போதைக்கு யாருமே சமைக்கலைம்மா."

"நான் சமைச்சிட்டேன். கறி வெந்தாச்சு. சீக்கிரம் வாங்க."

மதியார் பொது டிரைவரைத் தடைப் பட்டியலில் போட்டான். கணினியை மறுபடி இயக்கினான். லோகோ வந்தது. போனது. திரையில் படமும் வந்தது.

வந்த படத்தில் ஒவ்வொரு ஐகானும் ஒரு ரொட்டித் தட்டு அகலம் இருந்தது. மொத்தத் திரையில் நாலு ஐகானுக்குமேல் இடமில்லை. ஆனாலும் படம் படம்தான். அந்த இடத்தில் மதியார் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, கறி சாப்பிட உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்லவேண்டி வந்திருக்காது.

கைரொல்லா குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"இது போதுமா உனக்கு?"

ஆண்பிள்ளை யாராவது இதற்குப் போதும் என்று சொல்வானா? அதுவும் பெண்ணைப் பெற்றவரிடம்?

"போதாது ஐயா. பழைய டிரைவரை வேரோட பிடுங்கிட்டுப் புதுசு போட்டுடறேன்."

"வேரோடவா," என்றார் கைரொல்லா. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நீக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்ததும், என்னென்ன போகும் என்று ஒரு பட்டியல் வந்தது. கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர்கள் பெயர் போல அது கீழே கீழே ஓடியது. கடைசியில், சரியா என்று கேட்டு நின்றது.

"கேக்குது பாரு," என்றார் கைரொல்லா.

"எல்லாம் அந்த டிரைவரோட துணைக் கோப்புங்க ஐயா."

"எல்லாமா?"

"எல்லாம்தான்."

சரி என்று அழுத்தினான். எழுத்துகள் மளமளவென்று ஓடி முடிந்தன. மறுபடி இயக்கியபோது ரொட்டித் தட்டு ஐகான்களையும் காணவில்லை. கறுப்பும் வெள்ளை எழுத்தும்தான். டெஸ்க்டாப் என்ற ஒன்று அந்தக் கணினியில் இருந்ததற்கான சுவடே இல்லை.

மதியார் அந்தப் பட்டியலை மனதில் ஓட்டிப் பார்த்தான். "டெஸ்க்டாப்பும் அந்தப் பட்டியல்ல இருந்திருக்கும் போல."

"இருந்துது. நடுவுல. நான் பாத்தேன்."

"பாத்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா."

"நீ வங்கியில வேலை பாக்கறவன். ஏதோ திட்டத்தோடதான் செய்யறேன்னு நெனச்சேன்."

ஜன்சயா தேநீர் கொண்டுவந்தாள். பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கிண்ணத்தை விளிம்பு வரைக்கும் நிரப்பியிருந்தாள். அந்த ஊரில் மதிப்புள்ளவருக்குக் கால் கிண்ணம்தான் ஊற்றுவார்கள், அடிக்கடி ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். மதியார் கிண்ணத்தைப் பார்த்தான். அவன் முகம் தொங்கிப் போனது.

"ஏம்மா, வந்த பையனைக் கிளப்பி விடப் பாக்கறியா?" என்றார் கைரொல்லா. கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொண்டார். "இன்னும் வேலையே ஆரம்பிக்கலை."

அவர் குரலில் ஒரு உற்சாகம் இருந்தது. சுரங்கத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவனைக் கலாய்க்கும் மேஸ்திரியின் உற்சாகம் என்று மதியார் எடுத்துக்கொண்டான்.

புது டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்தைப் பிடித்துக் கொடுக்கும் நிரலும் அந்தப் பட்டியலோடு போயிருந்தது. தன் போனைக் கம்பியால் கணினியில் சொருகி, அதன் வழியாக இறக்கினான். டிரைவர் வந்தது; கெர்னலோடு பொருத்த அதன் மூலக் கோப்புகள் இல்லை என்றது. அவற்றையும் இறக்கினான். இடம் போதாது என்றது.

"என் போன்ல இருந்த டேட்டா பூரா போச்சு," என்றான் மதியார் யாரிடம் என்றில்லாமல்.

"சாப்பாடு ஆறுது," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"இரு ரைகான், இப்பத்தான் சூடு பிடிக்குது," என்றார் கைரொல்லா. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "தம்பி, இடத்துக்கு ஒரு வழி இருக்கு. பழைய கெர்னல் ரெண்டு சும்மா கிடக்கு. அதை எடுத்துட்டா?"

பழைய கெர்னல்கள் சும்மா கிடப்பவை அல்ல. புதுசு கவிழ்ந்தால் ஏறித் தப்பிக்க வைத்திருக்கும் படகுகள் அவை. மதியார் வங்கியில் இதை யாராவது செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். ஆனால் சொன்னவர் மாமனாராக வேண்டியவர். முதல் நாளே எதிர்த்துப் பேசினால் திமிர் பிடித்தவன் என்று ஆகிவிடும்.

"நல்ல யோசனை ஐயா," என்றான்.

எடுத்தான். இடம் கிடைத்தது. புதிய கெர்னலோடு டிரைவரைக் கட்ட ஆரம்பித்தது கணினி. முக்கால்வாசி கட்டியபோது மறுபடியும் இடம் போதாது என்று அப்படியே விட்டுவிட்டு நின்றது.

"ஒருதடவை ஆஃப் பண்ணிப் போட்டுப் பாக்கலாமா?" என்றார் கைரொல்லா.

மதியார் அதையும் செய்தான். இந்த முறை லோகோகூட வரவில்லை. ஏற்ற வேண்டிய கோப்பைக் காணோம் என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே மூலையில் அந்தப் பழைய கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி மதியார் நடைக்கு வந்தான். ஜன்சயா பின்னாலேயே வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுப்பச் சொன்னா சாவடிச்சுட்டியே."

"உங்கப்பாதான் பழைய கெர்னலை எடுக்கச் சொன்னார்."

"அவர் சொன்னா? நீ சின்னப் புள்ளையா? லினக்ஸ் தெரியும்னுதானே நெனச்சேன்."

"தெரியும். சர்வர்ல தெரியும். சர்வர்ல இந்தப் பாழாப்போன திரையே கிடையாது."

"இதை இப்பச் சொல்றியா?"

"உனக்காகத்தான் உக்காந்தேன் ஜன்சயா. வேற யாரு வீடா இருந்தாலும் மின் பொத்தானைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன்." அவன் குரல் உடைந்தது. உண்மையாகவே அவளை இழந்துவிட்டோம் என்று நினைத்தான். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது, ஆனால் கோபத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை.

"முகத்தைக் கழுவிட்டு வா. திட்டினார்னா வாயைத் திறக்காம கேட்டுக்கோ," என்றாள்.

கைரொல்லா திட்டவில்லை. விரித்த துணியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்ததும், நடுவில் வைத்த பெரிய தட்டிலிருந்து அவரே கறியை அறுத்துப் பங்கு வைத்தார். பேச்சுத் துணை கிடைத்தவரைப் போலப் பேசிக்கொண்டே இருந்தார். டிரைவரைப் பற்றி, இணைய மன்றத்தில் ஒருவனோடு போட்ட சண்டையைப் பற்றி, அந்தச் சண்டையில் தான் சொன்னதுதான் சரி என்பதைப் பற்றி. மதியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

திடீரென்று பேச்சு நின்றது. தலை நிமிர்ந்து பார்த்தால், கைரொல்லா நெஞ்சுக்கறியை அறுத்து அவன் தட்டில் வைத்திருந்தார்.

நெஞ்சுக்கறி மாப்பிள்ளையின் பங்கு. கசாக் வீடுகளில் அதைக் கைதவறி யாருக்கும் வைத்துவிட முடியாது. தட்டை எடுத்து நீட்டிய ஜன்சயாவின் கை பாதியில் நின்றது. மதியார் தன் தட்டையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சாப்பிடு," என்றார் கைரொல்லா. "உங்க வீட்டுப் பெரியவங்களை எப்ப அனுப்பறேன்னு சொல்லு. ஆனா நீ அதுக்கெல்லாம் காத்திருக்காதே. அடுத்த சனிக்கிழமையே வந்துடு. அதுக்கு அடுத்த சனிக்கிழமையும்."

"எதுக்கு ஐயா?"

"கம்ப்யூட்டர் அப்படியே கிடக்கே. கல்யாணத்துக்குள்ள சரியாயிடுமா?"

பொய் சொல்லி மாட்டிக்கொண்டது போதும் என்று மதியார் முடிவு செய்தான். "கஷ்டம்தான் ஐயா. வருஷக்கணக்குலகூட ஆகலாம். சரியாகாமலேகூடப் போகலாம்."

கைரொல்லாவின் முகம் மலர்ந்தது. இன்னொரு துண்டு நெஞ்சுக்கறியையும் எடுத்து வைத்தார்.

புறப்படும்போது ரைகான் வாசல் வரைக்கும் வந்து, வழக்கப்படி அவன் வாயில் வைக்க ஒரு விள்ளல் ரொட்டி கொடுத்தாள். உள்ளே கைரொல்லா மறுபடியும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது.

"எனக்கு ஒண்ணும் புரியலைம்மா," என்றான் மதியார், குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடி. "அவர் உசிரா வச்சிருந்ததைக் கொன்னுட்டேன். அவர் எனக்கு நெஞ்சுக்கறி வைக்கறார்."

ரைகான் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன மாசம் எங்கண்ணன் ஜன்சயாவுக்குன்னு ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தார் தம்பி, வந்தவன் பூட்ஸ்ல பனி உருகறதுக்குள்ள கம்ப்யூட்டரைச் சரி பண்ணிக் குடுத்துட்டான், மறுபடி தானே அதைக் கெடுத்து வைக்கறதுக்குள்ள இந்த மனுஷன் பாதியா இளைச்சுட்டார்."